லோகனின் இடது கை

காந்தம் என்றால் என்ன, அது எதை இழுக்கும், எதை இழுக்காது என்று படிவம் நான்கு வகுப்பு மாணவர்களுக்கு வருடா வருடம் தொண்டை வறளப் பாடம் நடத்துகிற ஆசிரியை ஒருத்தி, தன் ஆயுளிலேயே மிகப் பெரிய காந்தத்துக்குள் நுழையப்போகும் நாளில், கையில் இரும்பைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள் என்றால் யார் நம்புவார்கள்? சுதர்சினியாலேயே நம்ப முடியவில்லை. அந்தக் கூத்து வியாழக்கிழமை காலையில் நடந்தது.

அதற்கு முன்னால், புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

சுதர்சினி பிரிக்பீல்ட்ஸ்காரி. அப்பா வல்லிபுரம் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவருடைய ஒரே மகள், பள்ளி அறிவியல் விழாவுக்கு மேசை நாற்காலி ஏற்றி வந்த துறைமுகப் பக்கத்துப் பண்டமாரான் லோரி டிரைவர் லோகனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருடம் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் இறங்கி வந்தார்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. வயிற்றில் கருவியை வைத்து, திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்த டாக்டர் இந்துஜா, நடுவில் பேச்சை நிறுத்தினார். பிள்ளையின் மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் கொஞ்சம் அகலமாகத் தெரிகின்றன என்றார். நடுவில் தெரிய வேண்டிய ஒன்று தெரியவில்லை. உண்மையிலேயே இல்லையா, அல்லது பிள்ளை படுத்திருக்கும் வாகில் மறைந்திருக்கிறதா என்று இந்த ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். போன வாரம் அங்கேதான் விட்டோம்.

பயம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் கோயிலுக்கு ஓடுவார்கள். சுதர்சினி கேள்வி கேட்பாள். சின்ன வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் அடி வாங்கியவள் அவள். பிள்ளை நடக்குமா, பேசுமா, தன்னை அம்மா என்று கூப்பிடுமா? இதற்குப் பதில் பிறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நல்லதோ கெட்டதோ, கதவைத் தட்டிக்கொண்டு வருவதற்குள் ஆள் தயாராக இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

கூட வந்தவர்கள் இரண்டே பேர்: லோகன், அவன் அம்மா நல்லம்மாள். வல்லிபுரத்தை வரவேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அவர் வந்தால், எங்கள் பக்கத்தில் இப்படி ஒருத்தருக்கும் இருந்ததில்லை என்று ஆரம்பித்துவிடுவார். போன தடவை டாக்டர் முன்னால் சொன்னதும், பிறகு போனில் சொன்னதும் போதும்.

எம்ஆர்ஐ அறைக்கு வெளியே உடை மாற்றச் சொன்னார்கள். தாலிக்கொடி, தோடு, மோதிரம் எல்லாம் கழற்றியாயிற்று. கால் வீங்கியிருந்ததால் மெட்டி மட்டும் அடம்பிடித்தது. நல்லம்மாள் கீழே குனிந்து, சவர்க்காரத்தைக் குழைத்துத் தடவி, நோகாமல் உருவி எடுத்தார். எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஒண்ணும் விட்டுப் போகலயே மாமி?" என்று சுதர்சினி கேட்டாள். இல்லை என்று நல்லம்மாள் தலையாட்டினார். மாமியாரை அவள் பிரிக்பீல்ட்ஸ் வழக்கப்படி மாமி என்றுதான் கூப்பிடுவாள். பண்டமாரானில் அதைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கும் இப்போது பழகிவிட்டது.

ஸ்கேன் எடுக்கும் ஃபரிடா கையடக்கமான ஒரு சின்னக் காந்தத்தோடு வந்தாள். எதையாவது மறந்திருக்கிறாயா என்று மலாயில் கேட்டபடி, தலையிலிருந்து கால் வரை அதை மெல்ல நகர்த்தினாள். இடது புஜத்துக்குப் பக்கத்தில் வந்ததும், கறுப்புக் கயிற்றில் தொங்கிய துணிப் பொட்டலம் எழும்பிப் போய் அந்தக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

அந்தக் கயிறு முதல் ஸ்கேன் நடந்த மறுநாள் நல்லம்மாள் கட்டிவிட்டது. உள்ளே கிள்ளான் கோயில் திருநீறு இருப்பதாகச் சொல்லியிருந்தார். திருநீறு காந்தத்தில் ஒட்டாது என்று படிவம் நான்கு மாணவனுக்குக்கூடத் தெரியும்.

"சின்ன ஆணிதாம்மா," என்றார் நல்லம்மாள். "புள்ளத்தாச்சி வெளிய போறப்ப இரும்பு கூட இருந்தா காத்து கருப்பு அண்டாது. ஆணின்னு சொன்னா நீ கட்டிக்க மாட்டேன்னுதான் திருநீறுன்னு சொன்னேன்."

சுதர்சினிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, தன் மேல்தான் வந்தது. குளிக்கும்போது அந்தப் பொட்டலம் கெட்டியாகத் தட்டுப்பட்டது அவளுக்குத் தெரியும். ஊரில் உள்ளதையெல்லாம் குடைந்து குடைந்து கேட்கிறவள் அதை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறாள்.

ஃபரிடா கத்தரிக்கோலை எடுத்தாள். நல்லம்மாள் குறுக்கே வந்துவிட்டார். காப்பாகக் கட்டிய கயிற்றை வெட்டக் கூடாது, புருஷன் கையால் முடிச்சை அவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். சம்மதக் கையெழுத்து வாங்க வந்த டாக்டர் இந்துஜாவுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளே இருக்கும் இயந்திரமே ஒரு காந்தம், இந்த ஆணியைப் பிடுங்கித் தோட்டா மாதிரி இழுத்துவிடும் என்று விளக்கினார்.

"அப்ப அந்த மிஷினுக்கும் இரும்பு ஆகாதா?" என்று கேட்டார் நல்லம்மாள். அந்த மிஷின் மேல் அவருக்கு மரியாதை கூடியதா, சந்தேகம் கூடியதா என்று முகத்தில் தெரியவில்லை.

லோகனை உள்ளே கூப்பிட்டார்கள். முடிச்சு விஷயத்தில் அவன் கெட்டிக்காரன் இல்லை. காலுக்குக் கயிறு வைத்த சப்பாத்தே வாங்கமாட்டான். வலது கை நகத்தால் முடிச்சைக் கிள்ளினான். கயிற்றை அசையாமல் பிடித்திருக்க வேண்டிய இடது கை, அது பாட்டுக்குத் தானும் கிள்ளியது. கயிறு நழுவியது. மறுபடி பிடித்தான், மறுபடி இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யக் கிளம்பின. கடைசியில் குனிந்து பல்லால் கடித்து இழுத்தான். முடிச்சு அவிழ்ந்தது.

டாக்டர் இந்துஜாவின் சிரிப்பு நின்றிருந்தது. அவர் லோகனின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"சின்னதுலேருந்தே டாக்டர். ஒரு கை செஞ்சா இன்னொன்னுக்கும் செய்யணும். ரெட்டப் புள்ளைங்க மாதிரி." லோகன் ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தான். டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. நல்லம்மாள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இயந்திரத்துக்குள் சுதர்சினியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். வயிற்றின் மேல் ஒரு தட்டையான கருவியைப் போர்த்தி, காதுகளை மூடி, கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்தார்கள். பயமாக இருந்தால் அதை அமுக்கலாம். அமுக்குவதில்லை என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள்.

சத்தம் ஆரம்பித்தது. தகரக் கூரையில் நாலைந்து பேர் ஏறி நின்று ஆணி அடிப்பது போல இருந்தது. நடுவில் நிறுத்தி, வேறு தாளத்தில் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் ஃபரிடாவின் குரல் காதுக்குள் வந்து மூச்சைப் பிடிக்கச் சொன்னது.

மூச்சைப் பிடித்தபடி சுதர்சினி பாடம் நடத்தினாள், தனக்கே. உடம்பு முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்குள் ஹைட்ரஜன். இந்தக் காந்தத்தின் நடுவில் அந்த ஹைட்ரஜன் எல்லாம் ஒரு திசை பார்த்து நிற்கின்றன. ரேடியோ அலை வந்து தட்டுகிறது, அவை சாய்கின்றன, நிமிரும்போது பதில் குரல் கொடுக்கின்றன. அந்தப் பதில்களைத்தான் கணினி படமாக வரைகிறது. கத்தி இல்லை, ஊசி இல்லை, எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சும் இல்லை. பத்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிய சங்கதி இப்போது தன் வயிற்றுக்குள் நடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு மூளை, இன்னும் வெளிச்சத்தையே பார்க்காத மூளை, பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த நினைப்பில் அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. அழவேண்டிய நேரத்தில் இப்படி ஆர்வமாக இருக்கிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நல்ல நேரம் பார்த்துப் புரண்டது. படம் கலங்கிவிட்டது, மறுபடி எடுக்கிறோம் என்றாள் ஃபரிடா. மறுபடி எடுத்தார்கள். அது மறுபடியும் புரண்டது. தகப்பன் மாதிரி, ஒரு இடத்தில் சும்மா இருக்கத் தெரியவில்லை.

மதியம் டாக்டர் இந்துஜா அவர்களைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். நல்லம்மாள் வெளியே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். சுதர்சினி படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். பொதுவாக முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் காட்டுவார்களாம். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

சாம்பல் நிறத்தில் ஒரு முகம் பக்கவாட்டில் தெரிந்தது. நெற்றி, மூக்கு, உதடு. மூக்கு லோகனுடையது. அதைப் பார்த்து அவள் ஒரு கணம் வந்த வேலையை மறந்தாள்.

டாக்டர் பேனா முனையால் மூளையின் நடுப்பகுதியைக் காட்டினார். இடது பாதியையும் வலது பாதியையும் சேர்க்க நடுவில் ஒரு நரம்புப் பாலம் உண்டு, இந்தப் படத்தில் அது ஒரு கறுப்பு வளைவாகத் தெரிய வேண்டும் என்றார். வேறொரு பிள்ளையின் படத்தை, பெயரை மறைத்து, பக்கத்தில் வைத்தார். அதில் வளைவு இருந்தது. இவர்கள் பிள்ளையின் படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"மறைஞ்சிருக்கலன்னு இப்பத் தெரிஞ்சிடுச்சு," என்றார் டாக்டர். "பாலம் உருவாகவே இல்ல."

லோகன் பெருமூச்சு விட்டான். சுதர்சினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மற்றதெல்லாம் எப்படி என்று கேட்டாள். மற்றதையெல்லாம் டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினார். மடிப்புகள் இந்த மாதத்துக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கின்றன. சிறுமூளை சரியாக இருக்கிறது. மூளைத் தண்டு சரியாக இருக்கிறது. இரத்தக் கசிவு இல்லை. பாலம் இல்லாததால்தான் பின்பக்க அறைகள் அகன்றிருக்கின்றன. வேறு குறை ஒன்றும் இந்தப் படத்தில் தெரியவில்லை.

அப்படியென்றால் பிள்ளை எப்படி இருக்கும்? கேள்வி கடைசியில் வந்தே விட்டது.

பாலம் மட்டும் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் மற்றவர்கள் மாதிரியே வளர்கிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள் என்றார் டாக்டர். சிலருக்குப் பேச்சும் படிப்பும் தாமதமாகும். சிலருக்கு வலிப்பு வரும், கடுமையான சிரமம் இருக்கும். இந்தப் பிள்ளை எந்தக் கூட்டத்தில் சேரும் என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அவர் மறைக்கவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. அதற்காகச் சுதர்சினி மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னாள். 

பிறகு டாக்டர் திரையை விட்டுவிட்டு லோகன் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் லோகன், ரெண்டு கையையும் மேசை மேல வைங்க. வலது கை விரலை மட்டும் ஒண்ணொண்ணா மடக்குங்க. இடது கை சும்மா இருக்கட்டும்."

லோகன் மடக்கினான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். இடது கையில் அதே விரல்கள், அதே வரிசையில், கொஞ்சம் சோம்பலாக மடங்கின. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

சுதர்சினிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பல் தேய்க்கும்போது இடது கை காற்றில் தேய்க்கும். கையெழுத்துப் போடும்போது மறு கையின் விரல்கள் முழங்காலில் கோலம் போடும். அதைச் சொல்லிச் சொல்லி அவள் கேலி செய்ததுண்டு. பழக்கம் என்றுதான் நினைத்திருந்தாள்.

கைகள் இப்படிக் கண்ணாடி பார்த்த மாதிரி அசைவதும், மூளையில் பாலம் இல்லாமல் போவதும் சில குடும்பங்களில் சேர்ந்தே வரும் என்றார் டாக்டர். ஒரே வீட்டில் ஒருவருக்குக் கை மட்டும், இன்னொருவருக்குப் பாலம் மட்டும், வேறொருவருக்கு இரண்டும் இருக்கும். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம், ஆனால் முடிவு வர வாரக் கணக்காகும். இன்று பிற்பகல் வரவேண்டிய ஒருவர் வரவில்லை, இயந்திரம் சும்மாதான் இருக்கிறது. லோகன் சம்மதித்தால் அவன் தலையையும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம்.

லோகன் எழுந்து நின்றான். கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்றான். கதவைச் சாத்தாமலே போனான்.

நடையின் கோடியில் ஜன்னலோரம் நின்று, கீழே ஓடும் எல்ஆர்டி ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுதர்சினி வயிற்றைப் பிடித்தபடி மெல்ல நடந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். பிள்ளைக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துடுவோம், எடுத்துப் பார்த்துடுவோம் என்று ஒரு வாரமாகச் சொன்னவன் இவன்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சுதா. நல்லாத்தானே இருக்கேன்."

"அதத்தான் நானும் பாக்கணும்ங்கறேன்."

 அவன் உள்ளே கிடந்ததைக் கொட்டினான். லோரி லைசன்ஸுக்கு மெடிக்கல் செக்கப் போக வேண்டும். மண்டைக்குள் ஒன்று இல்லை என்று ஒரு டாக்டர் எழுதிவிட்டால் யார் சாவியைக் கையில் கொடுப்பார்கள்? துறைமுகத்தில் லோரி ஓட்டத் தெரியுமே தவிர அவனுக்கு வேறு என்ன தெரியும்? பிள்ளை வரப்போகிற நேரத்தில் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இதெல்லாம் போகட்டும், பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற மாமனார் காதுக்குப் போனால்? குறை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவர் கேட்கக் காத்திருக்கிறார்.

"ஒனக்கு எதுக்கு எல்லாமே தெரியணும்?" என்று கேட்டான். கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

 அந்த வெறுமையான இடத்தைப் பார்த்ததிலிருந்து சுதர்சினியின் கண்ணில் வேறு எதுவும் பதியவில்லை. "அந்தப் படத்துல இல்லாததத்தான் பாத்தேன். அது இல்லாம ஒருத்தர் எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியல. நீங்க அப்படி ஒருத்தரா இருந்தா, எனக்கு நாலு வருஷமாத் தெரியும்."

லோகன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்த ஆணியை எடுத்து அவளிடம் கொடுத்தான், இரும்புக் கொக்கி வைத்த பெல்ட்டையும் கழற்ற ஆரம்பித்தான். "சரி லா. வா."

இந்த முறை வெளியே காத்திருந்தது அவள். உள்ளே இருப்பதைவிட அது கொடுமையாக இருந்தது. நல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, மகனுக்கு எதற்கு ஸ்கேன் என்று கேட்டார். கை ஒன்று செய்வதை இன்னொன்றும் செய்கிறதே, அதற்காக என்று சுதர்சினி சொன்னாள். நல்லம்மாள் ஓ என்றார். 

சாயங்காலம் டாக்டர் இந்துஜா மறுபடி அந்தத் திரையைத் திருப்பினார். பெரிய மனிதனின் பெரிய மூளை. வளைவு இருக்க வேண்டிய இடத்தை அவர் பேனாவால் காட்ட வேண்டியிருக்கவில்லை. சுதர்சினியின் கண் நேரே அங்கேதான் போயிற்று.

வெறுமை. பிள்ளைக்கு இருந்த அதே வெறுமை.

லோகன் படத்தைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான். இதை வைத்துக்கொண்டா கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் லோரி ஓட்டினேன் என்று கேட்டான். ஆமாம் என்றார் டாக்டர். ஓட்டுவதற்கு இதனால் தடை வருமா என்பதை நரம்பு மருத்துவர் பார்த்துச் சொல்வார், இத்தனை வருடம் வலிப்போ மயக்கமோ இல்லாமல் இருந்ததே பெரிய விஷயம், பயந்துகொண்டு முடிவு கட்டிவிட வேண்டாம் என்றார்.

சுதர்சினி சிரித்துவிட்டாள். கட்டிய புருஷனின் மூளையில் ஒரு பாகமே இல்லை என்கிறார்கள், பெண்டாட்டி சிரிக்கிறாள். கண்ணீரும் கூடவே வந்தது. அவளால் தாங்க முடியாத சந்தோஷம். பாலம் இல்லாதவன் எப்படி இருப்பான் என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவன் காதலிப்பான், சண்டை போடுவான், மீன் கறியில் புளி போதவில்லை என்பான், அர்த்த ராத்திரியில் கால் வலிக்கிறது என்றால் எழுந்து பிடித்துவிடுவான். கயிறு வைத்த சப்பாத்து மட்டும் வாங்கமாட்டான். அவ்வளவுதானே. அவ்வளவுதான் என்றால் அவள் தயார்.

டாக்டர் அவளை ஆறவிட்டுச் சொன்னார், இது நல்ல செய்திதான், ஆனால் உறுதி இல்லை. ஒரே குடும்பத்தில் இது ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மாதிரி பிடிக்கும். குடும்பத்தில் இன்னும் யாருக்காவது இருந்ததா என்று தெரிந்தால் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும். லோகன் உடனே இல்லை என்று தலையாட்டினான். அவனுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பா தம்புசாமிக்குக் கை நன்றாகத்தான் இருந்தது, அவர் இப்போது இல்லை. அம்மா பக்கமும் எல்லாரும் நல்லபடி.

வெளியே வந்ததும் லோகன் குடிக்க ஏதாவது வாங்கிவருகிறேன் என்று கீழே போனான். போகிற போக்கில் விசில் அடித்தான்.

சுதர்சினி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைக்கு இல்லாதது அப்பனுக்கும் இல்லை மாமி, உங்கள் மகனைப் பாருங்கள், என்ன குறை என்றாள். வார்த்தைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

நல்லம்மாள் சிரிக்கவில்லை. அந்தக் கையால்தான் கண்டுபிடித்தார்களா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள் சுதர்சினி. நல்லம்மாள் புடவை முந்தானையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"லோகனுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சும்மா."

சுதர்சினிக்கு முதலில் அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.

"ரப்பர் தோட்டத்துல இருந்தப்பப் பொறந்தது. ஒரு கைல பிஸ்கட்டு குடுத்தா ரெண்டு கையும் சேந்து மூடும். அப்ப நாங்க சிரிப்போம். ஆனா தல நிக்கல. பேச்சு வரல. வலிப்பு வந்து வந்து, நாலு வயசு முடியறதுக்குள்ள போயிட்டான். லோகன் அப்ப கைக்கொழந்த. அவனுக்குத் தெரியாது. பண்டமாரான் வந்தப்புறம் நாங்க யாருகிட்டயும் சொல்லிக்கல."

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் முதல் நாளே கேட்டாரே மாமி, என்றாள் சுதர்சினி. 

"கேட்டாங்க. ஒங்கப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு. எங்க பக்கம் ஒண்ணும் கெடையாதுன்னு அவரு மொதல்ல சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

ஒரு வயிறு, ஒரு ரத்தம், ஒரே மாதிரி இரண்டு கை. ஒருவன் லோரி ஓட்டுகிறான், ஒருவன் தலையைத் தூக்காமலே போனான். அந்தப் பிள்ளையின் தலைக்குள் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. பார்க்க ஒரு வழியும் இருக்கவில்லை. இனியும் தெரியப்போவதில்லை. சற்று முன்பு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று சுதர்சினிக்குத் தெரியவில்லை.

லிஃப்ட் திறந்து லோகன் வந்தான். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர்ப் பொட்டலங்கள் தொங்கின. இருவர் முகத்தையும் பார்த்து, என்ன என்று கேட்டான். சுதர்சினி வாயைத் திறப்பதற்குள் நல்லம்மாள் அவள் கையை அழுத்தினார். இது தான் சொல்ல வேண்டியது என்று அதற்கு அர்த்தம்.

அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல், மருமகளிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னார். லோகன் நின்றபடியே கேட்டான். அவன் கத்துவான் என்று சுதர்சினி எதிர்பார்த்தாள். அழுவான் என்றுகூட எதிர்பார்த்தாள்.

"பேரு என்னம்மா?" என்று கேட்டான்.

"சுகுமாறன்."

அந்தப் பெயரை நல்லம்மாள் வாய்விட்டுச் சொல்லி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சொன்ன பிறகு அவர் அழுதார். லோகன் தேநீரை நாற்காலியில் வைத்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்து மெல்ல எழுப்பினான்.

"வாம்மா. டாக்டர் கெளம்பறதுக்குள்ள சொல்லிடுவோம். புள்ளைக்கு வேணும்." மனைவி பக்கம் திரும்பினான். "சுதா, வா. ஒனக்குத்தானே எல்லாம் தெரியணும்."

டாக்டரின் அறையில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போய்ச் சுகுமாறனைப் பற்றிச் சொன்னால், பிள்ளை எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு இன்னும் கொஞ்சம் பதில் கிடைக்கும். காலையிலிருந்து பதிலுக்காகவே அலைந்தவள் சுதர்சினி. அன்று முதல் தடவையாக அவளுக்கு எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம் போலிருந்தது. நாற்காலியின் கைப்பிடியை அவள் விடவில்லை.

லோகன் அம்மாவை ஒரு கையால் அணைத்தபடி, கதவைத் தட்டாமல், அவள் எழுந்து வருவதற்காகக் காத்து நின்றான்.